வண்ணத்துப்பூச்சியிலிருந்து பிரசவ அறைக்கு: ஸர் ஸிரில் கிளார்க்கின் ஆராய்ச்சி

சில குடும்பங்களில் முதற் குழந்தை எவ்விதக் குறையுமின்றிப் பிறந்து வளரும். இரண்டாவது குழந்தை பிறந்த அன்றே மஞ்சட் காமாலை கண்டு, இரத்தம் சுண்டி, ஓரிரு நாட்களில் கண்ணை மூடிவிடும். மூன்றாவது, கருப்பையிலேயே உடல் வீங்கி உயிரற்றுப் பிறக்கும். நான்காவதற்கும் அதே கதி நேரும். தாய்க்கோ நோய் ஏதுமில்லை, தந்தையும் திடகாத்திரமானவர். இத்தகைய வீட்டில் பழி முழுவதும் தாயின் தலையிலேயே விழுவது வழக்கம். நாகதோஷம் என்பார்கள், ராசியில்லாதவள் என்பார்கள், கணவனுக்கு மறுமணம் பேசுவோரும் உண்டு. வைத்தியர்களைக் கேட்டால், அவர்களிடமும் நெடுங்காலம் இதற்கு விடை இருக்கவில்லை.

இந்த நோயின் காரணம் அறியப்பட்டது 1939-க்கும் 1941-க்கும் இடையே ஆகும். அது முற்றிலும் தடுக்கப்படக்கூடிய ஒன்று என்று நிலைநாட்டப்பட்டது 1960-க்குப் பின்னரே. அவ்வாறு நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் ஸிரில் கிளார்க் என்னும் ஆங்கிலேய மருத்துவர். அவர் மகப்பேற்று மருத்துவர் அல்லர். இரத்த நிபுணரும் அல்லர். பொழுதுபோக்காக வண்ணத்துப்பூச்சி வளர்த்து வந்த பொது மருத்துவர். பூச்சிகளின் இறகுகளில் உள்ள புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்த ஒருவர் பிரசவ அறைக்குள் எவ்வாறு வந்து சேர்ந்தார் என்பது, பாரம்பரிய இயலைப் போதிக்கும் ஆசிரியர்களுக்கும், கர்ப்பிணிகளைக் கண்காணிக்கும் களப்பணியாளர்களுக்கும் ஒருங்கே பயன்படும் வரலாறாகும்.

நோயின் காரணம்

1937-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஒரு பெண் இறந்த குழந்தையைப் பெற்றாள். இரத்தம் மிகுதியாகப் போய்விட்டதால், அவள் கணவனுடைய இரத்தத்தை அவளுக்குச் செலுத்தினர். இருவரும் ஓ வகையினரே; ஆயினும் அவளுக்குக் கடுமையான நடுக்கமும் வலியும் உண்டாயின. பிலிப் லெவின், ரூஃபஸ் ஸ்டெட்ஸன் ஆகிய இரு மருத்துவர்களும் அவளுடைய இரத்த ஊநீரை ஆராய்ந்து, அதில் கணவனின் சிவப்பணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருப்பதைக் கண்டனர். தந்தையிடமிருந்து சிசு பெற்ற ஏதோ ஒரு பொருள், தாயின் இரத்தத்துள் புகுந்து இந்த எதிர்ப்பைத் தூண்டியிருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தனர். 1940-இல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னரும் அலெக்ஸாண்டர் வீனரும் ரீசஸ் என்னும் குரங்கின் இரத்தத்தை முயல்களுக்குச் செலுத்தி ஓர் ஊநீர் தயாரித்தனர். அந்த ஊநீர், சோதிக்கப்பட்ட வெள்ளையரில் நூற்றுக்கு 85 பேரின் சிவப்பணுக்களைத் திரளச் செய்தது. அந்த 85 பேர் ரீசஸ் உடையவர், அதாவது ஆர்.எச். பாஸிடிவ், எஞ்சிய 15 பேர் ரீசஸ் அற்றவர், அதாவது ஆர்.எச். நெகடிவ். 1941-இல் லெவின், சிசுக்களைக் கொல்லும் அந்நோய்க்கும் இப்பொருளுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்.

ரீசஸ் பொருள்களுள் முக்கியமானது டி எனப்படும். டி ஜீன் ஓங்கு பண்புடையது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அது வராதபோது மட்டுமே ஒருவர் நெகடிவ் ஆகிறார். நம் நாட்டில் நெகடிவ் உடையோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவர். இந்த ஓர் எண்ணைக் கொண்டே வகுப்பில் ஓர் அழகிய கணக்கைப் போடலாம். 0.05-இன் வர்க்கமூலம் சுமார் 0.22. ஆகவே டி இல்லாமையின் விகிதம் 0.22, டி ஜீனின் விகிதம் 0.78. இவற்றிலிருந்து, நூறு பேரில் சுமார் 60 பேர் இரு பக்கமும் டி உடையவர், சுமார் 35 பேர் ஒரு பக்கம் மட்டும் உடையவர், 5 பேர் முற்றிலும் அற்றவர் என்று பெறப்படும். நெகடிவ் பெண் ஒருத்தியின் கணவர் முதல் வகையினராயின் குழந்தைகள் அனைவரும் பாஸிடிவ். இரண்டாம் வகையினராயின் ஒவ்வொரு பிரசவத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூன்றாம் வகையினராயின் அச்சமே இல்லை.

முதற் குழந்தை ஏன் தப்புகிறது? தாயின் இரத்தமும் சிசுவின் இரத்தமும் சாதாரணமாகக் கலப்பதில்லை; நஞ்சுக்கொடி இடையே நின்று காக்கிறது. பிரசவத்தின்போது நஞ்சு பிரிகையில்தான் சிசுவின் இரத்தம் சிறிதளவு தாயின் இரத்தத்துள் கசிகிறது. தாயின் உடல் அதை அந்நியப் பொருளாகக் கொண்டு எதிர்ப்பொருளை உண்டாக்கத் தொடங்கும். அது முற்றுப்பெறுவதற்குள் முதற் குழந்தை தொட்டிலில் உறங்கிக்கொண்டிருக்கும். ஆனால் உடல் ஒருமுறை கற்றதை மறப்பதில்லை. அடுத்த பாஸிடிவ் சிசு கருவில் வளரும்போது, அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து சென்று சிசுவின் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. சிதைவினால் விளையும் மஞ்சள் நிறப் பொருள் குழந்தையின் மூளையில் படியுமானால், உயிர் பிழைத்தாலும் செவிட்டுத்தன்மையும் கைகால் முடக்கமும் எஞ்சும்.

1940-களின் நடுவிலிருந்து, பிறந்த குழந்தையின் இரத்தம் முழுவதையும் மாற்றும் சிகிச்சை பரவிற்று. 1963-இல் நியூஸிலாந்தில் வில்லியம் லைலி கருவிலுள்ள சிசுவுக்கே இரத்தம் செலுத்திக் காட்டினார். இவை அரிய சாதனைகளே. எனினும் இவை வீடு பற்றிக்கொண்ட பின்னர் நீர் இறைப்பது போன்றவை. தீப்பொறி விழாமற் காக்கும் வழி வேறோரிடத்திலிருந்து வந்தது.

பூச்சி வளர்த்த மருத்துவர்

ஸிரில் கிளார்க் 1907 ஆகஸ்டு 22-ஆம் நாள் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜிலும், இலண்டன் கைஸ் மருத்துவமனையிலும் பயின்று 1932-இல் மருத்துவரானார். சிலகாலம் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்காகப் பரிசோதனைகள் செய்தார். யுத்த காலத்தில் கடற்படையில் பணியாற்றினார். 1946-இல் லிவர்பூல் நகர மருத்துவமனைகளில் ஆலோசக மருத்துவரானார். நாற்பது வயது நெருங்கும்வரை அவர் பெயரில் குறிப்பிடத்தக்க ஆராய்ச்சி எதுவுமில்லை.

இளமை முதலே அவருக்கு வண்ணத்துப்பூச்சிகளிடம் பற்று இருந்தது. லிவர்பூலுக்கு அருகே தம் வீட்டில், பின்னிறகில் வால் போன்ற நீட்சியுடைய பப்பிலியோ இனங்களை வளர்த்தார். கூண்டிலிடப்பட்ட பூச்சிகள் எளிதில் இணைவதில்லை. கிளார்க் ஆணை ஒரு கையிலும் பெண்ணை மறு கையிலும் மெல்லப் பிடித்து, வயிற்று நுனிகளைப் பொருத்தி இணையச் செய்யும் முறையைக் கையாண்டார். இதனால், இயற்கையில் ஒருபோதும் சந்திக்காத இனங்களையும் கலக்க முடிந்தது. எந்தப் பூச்சியின் தாய் தந்தை யார் என்பதும் ஐயமின்றித் தெரிந்தது. பாரம்பரிய ஆராய்ச்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

1952 அளவில், பூச்சிகள் வேண்டி அவர் செய்த பத்திரிகை விளம்பரம் ஒன்று ஆக்ஸ்போர்டில் இருந்த பிலிப் ஷெப்பர்ட் என்னும் பாரம்பரிய இயல் அறிஞரின் கண்ணிற்பட்டது. அவ்வாறு தொடங்கிய நட்பு, 1976-இல் ஷெப்பர்ட் இறக்கும்வரை நீடித்தது. மருத்துவருக்கு வளர்க்கும் கை இருந்தது. அறிஞருக்குக் கணக்கு இருந்தது. 1956-இல் ஷெப்பர்ட் லிவர்பூல் பல்கலைக்கழகத்துக்கே வந்து சேர்ந்தார்.

இருவரும் எடுத்துக்கொண்ட வினா ஒப்புருத் தோற்றம் பற்றியது. இதற்கு உதாரணம் தேட ஆப்பிரிக்காவுக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுக் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பச்சைப் புழுக்களாக வளர்ந்து, கருநிற இறகுடன் வெளிவரும் பப்பிலியோ பாலிடிஸ் என்ற பூச்சியே போதும். இதன் ஆண்கள் யாவும் ஒரே தோற்றமுடையவை: கரிய இறகு, பின்னிறகின் குறுக்கே வெண்ணிறப் பட்டை. பெண்களில் மூன்று வகை உண்டு. ஒன்று ஆணைப்போன்றே இருக்கும். மற்ற இரண்டும், ஈஸ்வரமூலி இனக் கொடிகளைத் தின்று உடலில் நஞ்சேறிய வேறு இரு பூச்சிகளின் வேடத்தைத் தரித்தவை. அந்நஞ்சுப் பூச்சிகளை ஒருமுறை கடித்துத் துப்பிய பறவை, வேடதாரியையும் தொடுவதில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இம்மூவகைப் பெண்களையும் ஒரே தோட்டத்தில் காணலாம். பள்ளித் தோட்டத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடியும் ஒரு கண்ணாடிப் புட்டியும் இருந்தால் மாணவர்களே புழுவை வளர்த்துப் பார்க்கலாம்.

இவ்வேடம் ஒரு பண்பன்று. பல பண்புகளின் சேர்க்கை. சிவப்புப் புள்ளி ஓரிடத்தில், வெண்திட்டு ஓரிடத்தில், சில இனங்களில் வால் இல்லாமை என்று அனைத்தும் கூடினால்தான் வேடம் பலிக்கும். பாதி வேடம் பறவையை ஏமாற்றாது. எனினும் கலப்பில் பிறக்கும் பூச்சிகள் பெரும்பாலும் முழு வேடத்தையே பெறுகின்றன. ஆப்பிரிக்காவின் பப்பிலியோ டார்டனஸ், தென்கிழக்காசியாவின் பப்பிலியோ மெம்னான் ஆகியவற்றை ஆயிரக்கணக்கில் வளர்த்துப் பார்த்த கிளார்க்கும் ஷெப்பர்டும், பல ஜீன்கள் குரோமோசோமில் நெருங்கி அமர்ந்து ஒரே கட்டாகத் தலைமுறை தோறும் கைமாறுகின்றன என்ற கொள்கைக்குச் சான்று திரட்டினர். இக்கட்டுக்கு மேலிணை ஜீன் என்று பெயரிடலாம்.

இங்கேதான் பூச்சியும் மனிதனும் சந்திக்கின்றனர். ரீசஸ் இரத்த வகைகளும் இவ்வாறே நெருங்கிய மூன்று ஜீன்களின் கட்டாக வருகின்றன என்று கேம்பிரிட்ஜில் ரொனால்டு ஃபிஷர் 1940-களில் கூறியிருந்தார். பூச்சி இறகில் கண்ட அதே அமைப்பு மனித இரத்தத்திலும் இருக்கக்கூடும் என்ற எண்ணம் இருவரையும் ரீசஸ் பக்கம் திருப்பியது. ஏற்கெனவே லிவர்பூல் குழுவினர் இரத்த வகைக்கும் சிறுகுடற் புண்ணுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து, ஓ வகையினருக்கு அந்நோய் அதிகம் என்று 1955-இல் உறுதி செய்திருந்தனர். இரத்த வகையைச் சோதிக்கும் கைப்பழக்கம் அவர்களுக்கு அப்போதே இருந்தது.

இயற்கை காட்டிய வழி

ரொனால்டு ஃபின் என்ற இளம் மருத்துவர் அப்போது கிளார்க்கிடம் ஆராய்ச்சிக்கு வந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்ட பொருள், ரீசஸ் நோய்க்கும் ஏ, பி, ஓ வகைகளுக்கும் உள்ள தொடர்பாகும். நெகடிவ் தாயின் இரத்தம் ஓ வகையாயும் சிசுவின் இரத்தம் ஏ அல்லது பி வகையாயும் இருந்தால் ரீசஸ் நோய் அரிதாகவே வருகிறது என்பதை லெவின் 1943-இலேயே சுட்டிக்காட்டியிருந்தார். பின்னர் வந்த கணக்குகளின்படி, வகை பொருந்திய சிசுவைப் பெறும் நெகடிவ் தாய்மார் நூற்றுவரில் சுமார் 16 பேருக்கு எதிர்ப்பொருள் தோன்றுகிறது. வகை பொருந்தாதபோது சுமார் 2 பேருக்கு மட்டுமே. இரண்டு இரத்தங்களும் இரு வழியில் மாறுபட்டால் துன்பம் இரட்டிப்பாகும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பர். நடப்பதோ நேர்மாறானது.

1957-இல் ஜெர்மனியில் கிளைஹவர் என்பவர் ஒரு சோதனை முறையை வகுத்தார். தாயின் இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி அமிலத்தில் நனைத்தால், தாயின் சிவப்பணுக்கள் வெளிறிப் பேய்போல் நிற்கும். சிசுவின் அணுக்கள் மட்டும் சிவந்து தெரியும். இதைக் கொண்டு ஃபின் பிரசவமான தாய்மாரின் இரத்தத்தில் சிசுவின் அணுக்களை எண்ணினார். வகை பொருந்திய இடங்களில் அவை தெளிவாகக் காணப்பட்டன. பொருந்தாத இடங்களில் அநேகமாக இல்லை. காரணம் புலனாயிற்று. ஓ வகைத் தாயின் இரத்தத்தில் ஏ, பி அணுக்களுக்கு எதிரான பொருள்கள் இயல்பாகவே உள்ளன. உள்ளே புகுந்த சிசுவின் அணுக்களை அவை உடனே அழித்துவிடுகின்றன. தாயின் உடல் டி என்ற பொருளை அறிந்துகொள்ளுமுன்பே வந்த விருந்தாளி போய்விடுகிறான்.

அப்படியாயின், வகை பொருந்திய தாய்க்கும் நாமே ஓர் எதிர்ப்பொருளைச் செலுத்தி, புகுந்த அணுக்களை அழித்துவிட்டால் என்ன? 1960 பிப்ரவரியில் லிவர்பூலில் நடந்த மருத்துவக் கூட்டத்தில் ஃபின் இக்கருத்தை வெளியிட்டார். செலுத்த வேண்டிய பொருள் டி-எதிர்ப்பொருளே என்ற எண்ணம் யாருக்கு முதலில் உதித்தது என்பது பற்றிக் கிளார்க் பிற்காலத்தில் ஒரு வேடிக்கையான சம்பவத்தைச் சொல்வதுண்டு. ஓர் இரவு அவர் மனைவி அவரை உலுக்கி எழுப்பி, டி-எதிர்ப்பொருளையே அத்தாய்மாருக்குக் கொடுங்கள் என்றாராம். எதைத் தடுக்க முயல்கிறோமோ அதையே கொடுக்கச் சொல்கிறாயே என்று சலித்துக்கொண்டு திரும்பிப் படுத்தவர், காலையில் எழுந்து யோசித்தபோது அதில் பொருளிருப்பதைக் கண்டாராம். இப்பெருமையில் யார் பங்கு எவ்வளவு என்று இன்று பிரிப்பது வீண் வேலை. பல மாதங்களாக ஒரு குழுவே அந்த வாயிற்படியில் நின்றுகொண்டிருந்தது.

நோய்க்குக் காரணமான பொருளையே மருந்தாகக் கொடுப்பது முரண்போல் தோன்றலாம். முரண் இல்லை. கடையிலிருந்து வாங்கிவந்து ஊற்றிய நீர் சில வாரங்களில் வற்றிவிடும்; வீட்டுக்குள் தோன்றிய ஊற்று வற்றாது. வெளியிலிருந்து செலுத்திய எதிர்ப்பொருள் சில மாதங்களில் மறைந்துபோகிறது. தாயின் உடல் தானே உண்டாக்கக் கற்றதோ ஆயுளுக்கும் நிலைக்கிறது. மேலும், மருந்து கொடுக்கப்படுவது குழந்தை பிறந்த பின்னர். ஆகவே அக்குழந்தைக்கு அதனால் தீங்கில்லை.

முதற் சோதனைகள் நெகடிவ் ஆண்கள் மீது நடந்தன. தாமே முன்வந்த ஆண்களைத் தெரிந்தெடுத்த காரணம் எளிது. சோதனை தவறி உடலில் எதிர்ப்பொருள் தோன்றினாலும் அவர்கள் கருத்தரிக்கப் போவதில்லை. அவர்களுக்குப் பாஸிடிவ் இரத்தத்தைச் செலுத்தி, பின்னர் சிலருக்கு எதிர்ப்பொருளையும் செலுத்தினர். தொடக்கத்தில் பெரும் ஏமாற்றமே கிட்டியது. முதலில் கையாண்டது பருமனான மூலக்கூறுடைய, முழுமை எதிர்ப்பொருள் எனப்பட்ட வகை. அது அணுக்களைக் காப்பின்றி அழிக்கவில்லை என்பது மட்டுமன்று, உடலில் எதிர்ப்பு தோன்றுவதைக் கூட்டியதாகவே தெரிந்தது. பலர் இத்துடன் கைவிட்டிருப்பர். லிவர்பூல் குழு, முழுமையற்றது எனப்பட்ட சிறிய மூலக்கூறு வகைக்கு மாறியது. 1963-இல் வெளியான முடிவுகள், இவ்வகை காக்கிறது என்று காட்டின. பெயரில் முழுமையற்றது செயலில் முழுமையாயிற்று.

இதே காலத்தில் நியூயார்க்கில் வின்ஸென்ட் ஃப்ரீடா, ஜான் கோர்மன், வில்லியம் பொல்லாக் என்னும் மூவர், லிவர்பூலைப் பற்றி அறியாமலே, வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தனர். எதிர்ப்பொருள் மிகுதியாய் இருக்கும்போது உடல் புதிதாக எதிர்ப்புக் காட்டுவதில்லை என்று 1909-இலேயே தியோபால்ட் ஸ்மித் கண்டிருந்ததே அவர்களின் தொடக்கம். அவர்கள் சிங் சிங் சிறைக் கைதிகளுள் இசைந்தவர்களிடம் சோதனை செய்தனர். சிறைப்பட்டவனின் இசைவு எந்த அளவுக்குச் சுயேச்சையானது என்ற கேள்வியை இன்றைய விதிகள் எளிதில் விட்டுவிடமாட்டா.

1964-இல் லிவர்பூலில் தாய்மாரிடம் முறையான பரிசோதனை தொடங்கிற்று. முதற் குழந்தை பெற்ற நெகடிவ் தாய்மாருள், இரத்தத்தில் சிசுவின் அணுக்கள் காணப்பட்டவர்கள், அதாவது ஆபத்து மிகுந்தவர்கள், தெரிந்தெடுக்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்குப் பிரசவமான இரண்டு நாட்களுக்குள் டி-எதிர்ப்பொருள் கொடுக்கப்பட்டது. மறு பகுதியினருக்குக் கொடுக்கப்படவில்லை. இங்கிலாந்தின் பிற நகரங்களும் அமெரிக்காவின் பால்டிமோரும் சேர்ந்த இப்பரிசோதனையின் முடிவு 1966-இல் வெளியாயிற்று. மருந்து பெறாத தாய்மாரில் பலருக்கு எதிர்ப்பொருள் தோன்றியிருந்தது; பெற்றவர்களில் அது மிக அரிதாயிற்று. 1968-இல் அமெரிக்காவில் இம்மருந்துக்கு அனுமதி கிடைத்தது. விரைவில் பிரிட்டனிலும் வழக்கத்துக்கு வந்தது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1969-க்கு முன் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 46 குழந்தைகள் இந்நோயால் இறந்தன. 1990-இல் அது 1.6 ஆயிற்று. இக்குறைவு முழுவதையும் ஒரு மருந்தின் கணக்கில் எழுதுவது சரியன்று. குடும்பங்கள் சிறியவாயின, பச்சிளங் குழந்தைச் சிகிச்சையும் வளர்ந்தது. ஆயினும் பெரும்பங்கு அம்மருந்தையே சாரும்.

கிளார்க் 1965-இல் லிவர்பூலில் மருத்துவப் பேராசிரியரானார். 1970-இல் ராயல் சொஸைடியின் அங்கத்தினரானார். 1972 முதல் 1977 வரை இலண்டன் ராயல் மருத்துவர் கல்லூரியின் தலைவராயிருந்தார். 1974-இல் ஸர் பட்டம் பெற்றார். 1980-இல் அவருக்கும் ஃபின்னுக்கும் நியூயார்க் அறிஞர் மூவருக்கும் சேர்த்து லாஸ்கர் பரிசு அளிக்கப்பட்டது. இவ்வளவுக்கும் இடையில் பூச்சி வளர்ப்பு நிற்கவில்லை. 1959 முதல் தம் தோட்டத்தில் விளக்குப் பொறி வைத்து, புகைபடிந்த லிவர்பூல் வட்டாரத்தின் கருநிற அந்துப்பூச்சிகளை ஆண்டுதோறும் எண்ணி வந்தார். தொடக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கரியவையாக இருந்தன. காற்று தூய்மையடைய, 1990-களின் நடுவில் கரியவை ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகச் சுருங்கின. பரிணாமம் திரும்பி நடப்பதை ஒரே மனிதர் ஒரே தோட்டத்தில் கண்ட வியப்பு அது. 2000 நவம்பரில், 93-ஆம் வயதில் அவர் காலமானார்.

அவரைத் தொடக்கத்தில் ஈர்த்த ஜீன் கட்டுக் கொள்கை என்னவாயிற்று என்று கேட்கலாம். ரீசஸில் இருப்பவை மூன்று ஜீன்கள் அல்ல, ஒன்றாம் குரோமோசோமில் அடுத்தடுத்து அமர்ந்த இரண்டே என்பதும், ஐரோப்பிய நெகடிவ் மக்களிடம் டி ஜீன் அடியோடு இல்லை என்பதும் 1991-இல் தெரியவந்தன. கறிவேப்பிலைப் பூச்சியின் வேடத்தையோ டபிள்செக்ஸ் என்னும் ஒரே ஜீன் நடத்துகிறது என்று 2014-இல் கிருஷ்ணமேக் குந்தே முதலியோர் கண்டனர். ஆக, வழிகாட்டிய ஒப்புமை அப்படியே நிலைக்கவில்லை. அது கொண்டுபோய்ச் சேர்த்த இடம் நிலைத்தது.

மருந்தின் ஊற்று

டி-எதிர்ப்பொருளைப் பெரும்பாலும் மனித இரத்தத்திலிருந்தே எடுக்க வேண்டியுள்ளது. தொடக்க காலத்தில் அதைக் கொடுத்தவர்கள், ஏற்கெனவே இந்நோயால் குழந்தைகளை இழந்து, இரத்தத்தில் எதிர்ப்பொருள் நிரம்பிய தாய்மாரே. தங்கள் குழந்தைகளைக் கொன்ற பொருள் பிறர் குழந்தைகளைக் காக்கும் என்று அறிந்து அவர்கள் கை நீட்டினர். பின்னர் ஆண்களும் இதற்கு முன்வந்தனர். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிஸன் என்பவர் 14-ஆம் வயதில் அறுவைச் சிகிச்சையின்போது பிறர் இரத்தத்தால் பிழைத்தவர். அக்கடனைத் தீர்ப்பதுபோல் 2018 வரை 1,173 முறை பிளாஸ்மா வழங்கினார். அவர் 2025-இல் காலமானார்.

கொடுப்போர் சிலராகவும் வேண்டுவோர் பலராகவும் இருப்பதால், உலகில் இம்மருந்து தேவைப்படும் பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது கிடைப்பதில்லை என்று மதிப்பிடப்பட்டுள்ளது. கிடைக்காமைக்கு மருந்தின் தட்டுப்பாடும் விலையும் மட்டும் காரணமல்ல. பல இடங்களில் இரத்த வகையே சோதிக்கப்படாமல் பிரசவம் முடிந்துவிடுகிறது.

களத்தில் செய்ய வேண்டுவன

ஆயிரம் கர்ப்பிணிகளைக் கொண்ட வட்டாரத்தில் சுமார் ஐம்பது பேர் நெகடிவ் ஆக இருப்பர். அவர்கள் யார் என்பதை முதற் சந்திப்பிலேயே அறிந்து, தாய்-சேய் பாதுகாப்பு அட்டையில் இரத்த வகைக்குரிய இடத்தில் எழுதுவது முதல் வேலை. ஏ, பி, ஓ வகையை மட்டும் எழுதிவிட்டு, ரீசஸ் பகுதியை வெறுமையாக விடுவதில் பயனில்லை. நெகடிவ் என்றால், கணவரின் வகையையும் அறிய வேண்டும். தாயின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏற்கெனவே தோன்றியுள்ளதா என்று கூம்ஸ் சோதனையால் பார்க்க வேண்டும். தோன்றியிருந்தால் இந்த ஊசி பயன்படாது. அத்தாய் பெரிய மருத்துவமனையின் கண்காணிப்பில் இருக்க வேண்டியவள். தோன்றியிராவிட்டால், 28-ஆம் வாரத்தில் ஒருமுறையும், குழந்தை பாஸிடிவ் என்று தெரிந்ததும் பிரசவத்துக்குப்பின் 72 மணி நேரத்துக்குள் ஒருமுறையும் மருத்துவர் ஊசி போடுவார். பிரசவத்துக்குப் பின் மட்டும் கொடுத்தால் நூற்றுக்கு ஒன்றிரண்டு தாய்மார் தப்பாமற் போகின்றனர். கருக்காலத்திலும் கொடுத்தால் அது ஆயிரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைகிறது. வழக்கமான 300 மைக்ரோகிராம் அளவு, சுமார் 30 மில்லிலிட்டர் சிசு இரத்தத்தைச் சமாளிக்க வல்லது.

பிரசவத்தில் மட்டுமே இரத்தம் கலக்கும் என்று எண்ணிவிடலாகாது. கருச்சிதைவு, கருக்கலைப்பு, குழாய்க் கர்ப்பம், கர்ப்ப காலத்தில் வயிற்றில் பலத்த அடி, இரத்தப்போக்கு ஆகிய எல்லாவற்றிலும் கலக்கக்கூடும். இங்கேதான் களப்பணியாளரின் பேச்சுத்திறம் தேவைப்படுகிறது. எத்தனை குழந்தைகள் என்று கேட்டால், பெண்கள் உயிரோடிருக்கும் குழந்தைகளை மட்டுமே சொல்வர். மூன்றாம் மாதத்தில் தங்காமற் போனது, முதல் ஊரில் கலைத்தது ஆகியவை மாமியார் எதிரில் வாயைவிட்டு வாரா. தனியே அழைத்து, நாள் தள்ளிப்போய்ப் பின் தங்காமற்போனது உண்டா என்று கேட்க வேண்டும். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் கண்ட குழந்தை, உடல் வீங்கிப் பிறந்த குழந்தை முன்பு உண்டா என்பதும் கேட்கத்தக்கது. முன்பு எப்போதாவது இரத்தம் ஏற்றியதுண்டா என்பதும் விடக்கூடாத வினா.

வீட்டில் பிரசவமாகி, மூன்றாம் நாள் கடந்தபின் செய்தி வருமாயின், காலம் தவறிவிட்டது என்று விட்டுவிடலாகாது. பத்து நாட்கள் வரையிலும் ஓரளவு பயன் இருக்கக்கூடும். ஆதலால் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தாய் பிறந்த வீட்டுக்குப் பிரசவத்துக்குச் செல்வது நம் வழக்கம். அவள் புறப்படுமுன், அட்டை அவள் பையில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, நெகடிவ் என்ற செய்தியை அவள் தாய்க்கும் கணவருக்கும் சொல்லி வைப்பது நன்று. எந்த மருத்துவமனையில் பிரசவமாகப் போகிறதோ அங்கு மருந்து கையிருப்பில் உண்டா என்பதை எட்டாம் மாதத்திலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். இம்மருந்து 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் வைக்கப்பட வேண்டியது, உறைந்துபோனால் பயன்படுத்தலாகாது. தடுப்பூசிக்குரிய குளிர்ப்பெட்டியிலேயே இதையும் கொண்டுசெல்லலாம், பனிக்கட்டியோடு ஒட்டாமல்.